சாத்தூரில் கடல் பார்த்த வீடு

வைப்பாறு மணலைத் தவிர வேறெதையும் சுமந்து பல வருஷம் ஆகியிருந்த ஒரு மாசி மாதத்தில், சாத்தூரில் பொன்ராஜ், தனராஜ் என்ற அண்ணன் தம்பி இருவரின் வீட்டு ஜன்னல்களுக்கு வெளியே கடல் வந்து நின்றது. தனராஜின் மனைவி செல்வக்கனி கப்பலில் யாருக்கு எந்த அறை என்று பென்சிலால் எழுதியதால்தான் அது வந்தது என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த வீட்டுக்கு மூத்தவள் தங்கத்தாய். மஸ்கட்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பிகள் இரண்டு பேரையும் படிக்க வைத்து ஆளாக்கி, வேலை முடிந்து ஊர் திரும்பியவள், தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு விருந்து வேண்டாம், நகை வேண்டாம், சென்னைத் துறைமுகத்திலிருந்து நாலு நாள் போய்வரும் கப்பலில் வீட்டு ஆட்கள் எட்டுப் பேரும் ஒன்றாக வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அக்கா சொல்லைத் தட்டத் தம்பிகள் இருவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அறை பிரிக்கும் வேலையைத் தம்பிகளிடம் விட்டால் கப்பல் கரையிலேயே நின்றுவிடும் என்று தங்கத்தாய்க்குத் தெரியும். செல்வக்கனி மேல்நிலைப் பள்ளியில் எழுத்தராக இருந்தாள். பரீட்சை வந்தால் எந்தப் பிள்ளை எந்த பெஞ்சில், யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்று பிரிப்பவள் அவள்தான். அதனால் கப்பல் கம்பெனி அனுப்பிய வரைபடத்தை அவள் கையில் கொடுத்து, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடு என்றாள் தங்கத்தாய்.

வரைபடம் எளிது, வீடுதான் சிக்கல். பத்து வருஷத்துக்கு முன்னால் தனராஜுக்கும் செல்வக்கனிக்கும் நடந்த கல்யாணத்தின் பத்திரிகையில், நல்வரவை விரும்புவோர் வரிசையில் மதுரைச் சித்தப்பா முதல் மஸ்கட் அக்கா வரை எல்லார் பெயரும் இருக்க, உடன்பிறந்த அண்ணன் பொன்ராஜின் பெயர் மட்டும் இல்லாமல் போனது. சிவகாசி அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்று தனராஜ் சொன்னான். வேண்டுமென்று விட்டதை அச்சாபீஸ் தலையில் போடுகிறான் என்று பொன்ராஜ் சொன்னார். தாலி கட்டிய மூன்றாம் நாள் வீட்டுக் கூடத்தின் நட்டநடுவே செங்கல் சுவர் எழுந்தது. வடக்குப் பாதி பொன்ராஜுக்கு, தெற்குப் பாதி தனராஜுக்கு. சுவர் ஏறாத மாடி அறை மட்டும் அக்காவுக்கு. செல்வக்கனி வடக்குப் பாதிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பொன்ராஜின் மனைவி ஜெயபுஷ்பத்தோடு சாவு வீடுகளில் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். பத்திரிகைப் பேச்சு எடுத்தாலே செல்வக்கனிக்கு அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிடும். பொன்ராஜின் மகள் ரோஷிணியும், செல்வக்கனியின் பிள்ளைகள் அபிலாஷும் நித்திலாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே டப்பாவில் சோறு தின்றுவிட்டு, தெருமுனை வரை கைகோத்து வந்து, வீட்டு வாசலில் இந்தக் கேட்டுக்கும் அந்தக் கேட்டுக்குமாகப் பிரிந்து போவார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வக்கனி வரைபடத்தை அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டி, யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்று எல்லாரையும் ஒரே தரமான அறைகளில், கப்பலின் உள்பக்கத்தில் ஜன்னலே இல்லாத அறைகளில் எழுதி வைத்தாள். புதன்கிழமை விடிந்தபோது அந்த வீட்டில் விடியவில்லை. இரண்டு பாதியிலும் ஜன்னல்கள் இருந்த இடத்தில் நல்ல வழவழப்பான சுவர் இருந்தது, வெள்ளைகூட அடித்திருந்தது. எல்லாரும் ஒன்பது மணி வரை தூங்கினார்கள். பொன்ராஜ் தன் சேவுக் கடையை அன்று பத்தரைக்குத்தான் திறந்தார். செல்வக்கனி பள்ளிக்கூடத்தில் தாமத அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், பரீட்சை பெஞ்சை மாற்றுகிற நிதானத்தோடு ரப்பரை எடுத்து அழித்தாள். பிறகு, தம்பிகள் இரண்டு குடும்பத்துக்கும் கப்பலின் இரண்டு ஓரங்களில், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காதபடி கடல் தெரியும் அறைகளையும், தங்கத்தாய்க்கு மரியாதையாக, தனியாக, ஆகக் கடைசியில் வால்பக்கம் பால்கனி வைத்த பெரிய அறையையும் எழுதினாள்.

வியாழக்கிழமை காலையில் கடல் இருந்தது.

வட்ட வட்டமாக ஜன்னல்கள், அவற்றுக்கு வெளியே முந்தின நாள் வரை சண்முகவேலின் தீப்பெட்டி லேபிள் குடோன் நின்ற இடத்தில், வானம் தொடும் வரைக்கும் தண்ணீர். தெருவிலிருந்து பார்த்தால் குடோன் குடோனாகவே நின்றது. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால்தான் கடல். முதலில் வந்தது எதிர்வீட்டு முத்துலட்சுமி. உறைமோர் கேட்டு வந்தவள் ஜன்னலைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் நின்றாள், இந்தக் காற்றுக்கு வடகம் நன்றாகக் காயும் என்று சொல்லிவிட்டுப் போய் மாவோடு திரும்பி வந்தாள். பத்து மணிக்குள் இரண்டு பாதியிலும் வடகம் காய்ந்தது. மத்தியானத்துக்குள் தெருவுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் பெண்கள், பள்ளி விட்டதும் பிள்ளைகள், வேலை முடிந்து ஆண்கள், செருப்பை வாசலில் விட வேண்டும், மணல் கொண்டு வந்தால் அவரவரே பெருக்க வேண்டும். இது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கடல் என்பதுதான் பேச்சாக இருந்தது. தூத்துக்குடிக் கடல் என்றார்கள் சிலர், ராமேஸ்வரம் என்றார்கள் சிலர். மீன் வண்டி ஓட்டும் இன்னாசி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு விரல் நக்கிப் பார்த்து, தூத்துக்குடிதான், ஆனால் ரொம்ப உள்ளே தள்ளி எடுத்த தண்ணீர் என்று தீர்த்து வைத்தார்.

புவியியல் ஆசிரியை எட்டாம் வகுப்பை வரிசையாகக் கூட்டி வந்து ஓதம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டிவிட்டுப் போனார். வருவாய் ஆய்வாளர் வந்து, ஜன்னலுக்கு வெளியே உள்ளது பட்டாவா புறம்போக்கா என்று எழுத இடம் இல்லாததால் நீர்நிலை என்று மட்டும் குறித்துக்கொண்டு, போகும்போது தன் மாமியாரைச் சாயங்காலம் அழைத்து வரலாமா என்று கேட்டார். தெருமாடுகள் வந்து வெளிச்சுவரை நக்கின. கடற்பறவைகள் வடக்குப் பாதி ஜன்னல் வழியாகப் புகுந்து, பொன்ராஜ் வீட்டில் ஆறவைத்திருந்த காரச்சேவைத் தின்று பார்த்து, உறைப்பு தாங்காமல் கத்திக்கொண்டே போய், மறுபடியும் வந்தன. கடல் காற்றில் மாவு வேறு பதம் பிடித்து, அந்த வாரம் பொன்ராஜ் போட்ட சேவைப் போல ஒரு சேவு சாத்தூரிலேயே கிடையாது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு போனது. ஐம்பத்திரண்டு வயது வரை கடலையே பார்த்திராத சலவைக்காரர் மாடசாமி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்க மனமில்லாமல், அங்கேயே சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் கொண்டாட்டம், தங்கத்தாய் ஒருத்தியைத் தவிர. வால்பக்கத்து அறையில் அவள் பெயரை எழுதியதால், மாடிப்படி ஏறியவுடன் இருந்த அவள் அறை நகர்ந்து, கம்பளம் விரித்த ஒரு நீண்ட நடையின் கடைசிக்குப் போயிருந்தது. நாற்பத்தொரு கதவுகளைத் தாண்டி நடந்தால்தான் அவளைப் பார்க்க முடியும். செல்வக்கனி கொண்டு போன காப்பி போய்ச் சேர்வதற்குள் ஆறிவிட்டது. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தங்கத்தாய் ஆறின காப்பியைக் குறை சொல்லாமல் குடித்தாள். கடல் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்.

"முப்பத்தொரு வருஷம் நல்ல ரூம்லதான் இருந்தேன் செல்வா. ஏசி உண்டு, ஜன்னல் உண்டு, ஒரு சத்தம் கிடையாது. எனக்குச் சத்தம் இருக்கிற எடத்துல ஒரு கட்டில் பாரு."

செல்வக்கனி நாற்பத்தொரு கதவுகளைத் தாண்டித் திரும்பி வரும்போது அழுதாள். மரியாதை என்று நினைத்துத் தங்கத்தாயை எவ்வளவு தூரத்தில் வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. கீழே வந்து கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்தில் பேசிய பெனிட்டா என்ற பெண் பொறுமையாகச் சொன்னாள்: வால்பக்கமும் தலைப்பக்கமும் ஆட்டம் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நடுத்தளத்தின் நடுவிடம்தான் நல்லது, அங்கே நாலு நாலு பேர் படுக்கிற மாதிரி, கடல் தெரியும் இரண்டு அறைகள்தான் மிச்சம், சுவரில் மேல்கட்டில்கள் மடக்கி வைத்திருக்கும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே ஏற்றக் கூடாது, அறைக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு உண்டு. அந்தக் கதவு ஒற்றைக் கதவு இல்லை, முதுகோடு முதுகாக இரண்டு கதவு, இந்தப் பக்கத் தாழ்ப்பாள் இவர்களிடம், அந்தப் பக்கத் தாழ்ப்பாள் அவர்களிடம். இரண்டு பேரும் திறந்தால்தான் வழி. அதனால் இரண்டு குடும்பமும் சம்மதம் சொன்னால்தான் அந்த அறைகளைத் தர முடியும், சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் வேறு யாருக்காவது போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை செல்வக்கனி பென்சிலை எடுக்கவில்லை. தனராஜ் மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலிருந்து வந்ததும் அவனிடம் கேட்டாள். அண்ணாச்சி சம்மதித்தால் எனக்கென்ன என்றான். அண்ணாச்சியிடம் கேட்டீர்களா என்றதும் கை கழுவப் போய்விட்டான். கடல் பார்க்க வந்த கூட்டத்தோடு உள்ளே நுழைந்த ரோஷிணியும் சேர்ந்து, பிள்ளைகள் மூன்று பேரும் வரைபடத்தின் முன்னால் நின்று, கதவு வைத்த அறைதான் வேண்டும், ஒரு அறையில் தூங்கி இன்னொரு அறையில் எழுந்திருக்கலாம் என்று அவரவர் கட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் கடல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கடலை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்தார்கள். கடைசியில் அவள் எழுதினாள். முதல் அறையில் தன் குடும்பம் நாலு பேர். பக்கத்து அறையில் பொன்ராஜ், ஜெயபுஷ்பம், ரோஷிணி, தங்கத்தாய். எழுதிவிட்டு விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் மாடியறை பழையபடி படியேறினவுடன் இருந்தது. கூடத்தின் நடுச் சுவரில், இத்தனை வருஷமும் காலண்டர் தொங்கின இடத்தில், வெள்ளைப் பூச்சு அடித்த கதவு ஒன்று இருந்தது.

செல்வக்கனி தன் பக்கத்துத் தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். கதவு திறந்தது, ஒரு சாண் இடைவெளிக்கு அப்பால் இன்னொரு கதவின் முதுகு. கைப்பிடி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, வெறும் முதுகு. தட்டினாள். கடல் அன்று என்னவோ பெரிதாக இரைந்தது. மறுபடி தட்டினாள். கதவு அப்படியே நிற்க, எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. தங்கத்தாய் இறங்கி வந்து பார்த்தாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மதினி, என்று செல்வக்கனி தொடங்கினபோது, இந்தக் கதவில் என் பக்கம் என்று ஒன்று இல்லையே என்று சொல்லிவிட்டு, மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். வடகம் காய வைக்க வந்தவர்கள், மாடசாமி, முத்துலட்சுமி, வருவாய் ஆய்வாளரின் மாமியார் எல்லாரும் ஜன்னலோரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தரை மணிக்குச் செல்வக்கனி அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் தலையை நீட்டி, கதவின் முதுகில் நெற்றியை வைத்துப் பேசினாள். பத்து வருஷமாக யாரிடமும், தனராஜிடம்கூடச் சொல்லாததைப் பேசினாள். அவள் பேசி முடித்த பிறகும் அலைச் சத்தம் மட்டுமே இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஜன்னல் இல்லாத அறைகளுக்கே திரும்ப எழுத வேண்டியதுதான் என்று அவள் பின்வாங்கும்போது கதவுக்கடியிலிருந்து ஜெயபுஷ்பத்தின் குரல் வந்தது. தரையோடு குனிந்து பேசியிருக்க வேண்டும்.

"செல்வா, நீ சொன்னதுல பாதி கேக்கல. இந்தக் கடல் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாத்தானே. சத்தமாச் சொல்லு தாயி."

செல்வக்கனி திரும்பிப் பார்த்தாள். கணவன் நின்றான், பிள்ளைகள் நின்றார்கள், தெருவே உட்கார்ந்திருந்தது. தெரு மரியாதை தெரிந்த தெரு. எல்லாரும் ஒரே சமயத்தில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள், காதைத் திருப்ப வழியில்லை. அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கதவுக்கடியில் வாயை வைத்து, அலையை மீறிக் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, அச்சாபீஸ் மேல தப்பு இல்ல. பத்திரிகைக்குப் ப்ரூஃப் பாத்தது நான்தான். எங்கப்பா என்கிட்டத்தான் குடுத்தாக. உங்க கொழுந்தன் பேரும் என் பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சில்லையா, அதையேதான் திரும்பத் திரும்பப் படிச்சேன். மத்த வரிக்குக் கண்ணே போகல. உங்க வீட்டு மாமா பேரு விட்டுப்போனத நான் பாக்கல. சுவரு எழும்பினப்ப சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது மாதிரி இருந்தது. இருமல் இல்லை அது, சிரிப்பு. ஜெயபுஷ்பம் நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே, பத்து வருஷமாக விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த அச்சாபீஸ்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அவன் பிள்ளைகுட்டி எப்படி இருக்கிறதோ என்றாள். புருஷன் பெயரைத் தவிர வேறு பெயர் கண்ணில் படாத வயசு எனக்கும் இருந்ததுதான் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"கதவத் தொறக்க மாட்டேன்னு நெனச்சுட்டியா? விடிஞ்சதுலேருந்து இந்தத் தாழ்ப்பாளோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கேன். உப்புல இறுகிக் கெடக்கு. உங்க மாமா சுத்தியலால தட்டியும் பாத்துட்டாக."

இதைக் கேட்டதும் தனராஜ் பட்டறைப் பையைத் திறந்து, மூக்கு நீண்ட, விரல் பருமனே உள்ள எண்ணெய்க் குப்பியை எடுத்தான். மனைவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குப்பியைப் படுக்க வைத்து, கதவுக்கடியில் உருட்டிவிட்டான். அந்தப் பக்கத்தில் ஒரு கை அதை எடுத்தது. நகத்தில் கடலைமாவு ஒட்டின கை.

"அண்ணாச்சி," என்றான் தனராஜ். "மூணு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க. உடனே இழுக்கக் கூடாது."

"சரிப்பா," என்றார் பொன்ராஜ்.

அந்த ஐந்து நிமிஷத்தைத் தெரு மொத்தமும் சேர்ந்து காத்திருந்தது. மாடசாமி பித்தான் தைப்பதை நிறுத்தியிருந்தார். பறவைகள்கூட ஜன்னல் விளிம்பில் வந்து அடங்கின. அண்ணனும் தம்பியும் ஒரு மரப்பலகைக்கு இரண்டு பக்கத்திலும் தரையில் உட்கார்ந்து, இது எந்த நம்பர் எண்ணெய், அந்தக் காலத்துக் கிணற்று மோட்டாருக்குப் போட்டதா, இல்லை அண்ணாச்சி இது புதுசு என்று பேசிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம் எட்டு நிமிஷம் ஆகிவிட்டதை முத்துலட்சுமிதான் ஞாபகப்படுத்தினாள். தாழ்ப்பாள் ஒரு கீச்சலோடு நகர்ந்தது. கதவு திறந்ததும் முதலில் வந்தவள் ரோஷிணி, அவளைத் தாண்டிக்கொண்டு அபிலாஷும் நித்திலாவும் அந்தப் பக்கம் போனார்கள், போன வேகத்தில் திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். ஜெயபுஷ்பம் நெற்றியெல்லாம் வியர்வையும் கையெல்லாம் எண்ணெயுமாக நின்றாள். அவளைக் கட்டிக்கொள்வதா காலில் விழுவதா என்று செல்வக்கனிக்குத் தெரியவில்லை. ஜெயபுஷ்பம் எண்ணெய்க் கையை அகல விரித்துக்கொண்டு, சேலையில் பட்டுவிடும், முதலில் அந்தக் கப்பல் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போடு என்றாள். கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருந்தது.

பெனிட்டா சம்மதம் கேட்டபோது பொன்ராஜும் தனராஜும் ஒரே போனில் ஒரே சமயத்தில் சரி என்றார்கள், அவளுக்கு ஒரு குரல்தான் கேட்டதாம். அறைகள் உறுதியான மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை கடல் போய்விட்டிருந்தது. வட்ட ஜன்னல்கள் பழையபடி கம்பி வைத்த ஜன்னல்களாகி, சண்முகவேலின் குடோன் தெரிந்தது. தெருப் பெண்கள் விளக்குமாற்றோடு வந்து இரண்டு பாதியிலும் இருந்த மணலைப் பெருக்கி, வீட்டுக்கு ஒரு டப்பா எடுத்துப் போனார்கள். மாடசாமி மட்டும் நாலு நாள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார். நடுச்சுவரில் கதவு மட்டும் இருந்தது. அதை யாரும் மூடவில்லை.

சித்திரையில் அவர்கள் கப்பல் ஏறினார்கள். காகிதத்தில் எழுதியிருந்த அறை ஒழுங்கு ஏறின ஒரு மணி நேரத்தில் கலைந்தது. முதல் அறையைத் தங்கத்தாயும் மூன்று பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள், நித்திலாவை அவளே தன் கட்டிலில் போட்டுக்கொண்டாள், அந்த அறையில் இருந்த சத்தத்துக்குக் கப்பல் பணியாளர் ஒருவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். மற்ற நாலு பேரும் அடுத்த அறையில். மேல்கட்டிலுக்குப் போகும் சின்ன ஏணியில் பொன்ராஜ் தொந்தியைத் தாங்கிக்கொண்டு ஏற, விழுந்தால் பிடிக்கலாம் என்று தனராஜ் கீழே நின்றான். பிறகு ரயிலில் படுக்கிற மாதிரி அவனும் எதிர்க்கட்டிலில் ஏறிப் படுத்தான்.

மறுநாள் காலை செல்வக்கனி கண் விழித்தபோது, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. மேலே இரண்டு குறட்டைகள், ஒன்று விட்ட இடத்தில் மற்றது தொடங்கியது. எதிரே, ஜெயபுஷ்பம் தலைமுடியை முடியாமல், கால்களை மடக்கிக் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது அப்போதுதான் வெளுத்து, தண்ணீரில் ஒரு கோடு சிவந்து வந்தது. செல்வக்கனி எழுந்திருக்கிற சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை. கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, கட்டிலில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.

"வா," என்றாள், "இங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியுது."